லெனின் அறையில் ஜாஸ்

சந்தானம் போன் செய்தான் என்று சாந்தி சொன்னதுமே வெள்ளியங்கிரியின் கையில் காபி டம்ளர் பாதியில் நின்றது.

"பேர்லேண்டுல இருந்து பேசறேன்னாருங்க. உங்ககூட பாகூல படிச்சவராமா. வியாழக்கெழம இன்டர்வியூக்கு முன்னால உங்கள ஒருக்கா பாத்தே ஆகோணும்ங்கறாரு. ஏனுங்க, இப்படியொரு சிநேகிதரு இருக்கறதா நீங்க சொன்னதே இல்லீங்களே?"

சிநேகிதராம்! வெள்ளியங்கிரிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்தார். "எனக்கு வியாழக்கெழம இன்டர்வியூன்னு அவனுக்கு யாரு சொன்னது?"

"வெண்பாதான். போன வாரம் மீனாட்சி கோயில்ல அவரு சம்சாரத்துகிட்ட பேசிட்டிருந்தாளே."

"அப்ப அந்தம்மா தோண்டித் துருவிக் கேட்டிருக்கு."

"தோண்டறதுக்கு என்னங்க இருக்குது? உங்க பொண்ணு கேக்காமயே கொட்டுவா" என்று சொல்லிவிட்டு சாந்தி சமையலறைக்குப் போனாள்.

இன்டர்வியூ என்றால் குடியுரிமை இன்டர்வியூ. மஸ்கட்டில் இருபத்தெட்டு வருஷம் எண்ணெய்க் கம்பெனியில் உழைத்து ஓய்ந்து, மகள் எடுத்துக் கொடுத்த கிரீன் கார்டில் அமெரிக்காவில் அவள் இருக்கும் கேட்டி என்ற ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. சாந்திக்குப் போன வருஷமே குடியுரிமை கிடைத்துவிட்டது. நடுவில் ஊரில் எட்டு மாதம் தங்கிவிட்டதால் இவருக்குத்தான் தள்ளிப் போனது. சிங்காநல்லூர் வீட்டை விற்றாகிவிட்டது. அந்த ஒரு காகிதம் கைக்கு வந்தால் மனைவியும் மகளும் இருக்கிற இடத்தில் யாரும் ஏன் என்று கேட்காமல் சாகிறவரை இருக்கலாம். வராவிட்டால் அறுபத்தொரு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

வராமல் போவதற்குக் காரணமும் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்பா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தைப் படபடவென்று நிரப்பினாள். "டெரரிஸ்ட் ஆர்கனைசேஷன்? நோ. கம்யூனிஸ்ட் பார்ட்டி, அதோட எந்த விதத்துலயாவது அசோசியேட் ஆகியிருக்கீங்களா? நோதானேப்பா?" என்றாள். வாயில் தோசை இருந்தது. வெள்ளியங்கிரி "ம்" என்றார். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவரும் சட்னிக்குப் போய்விட்டார். அன்றிரவு படுக்கும்போதுதான் பீரோவில் சோவியத் டிப்ளமா உறைக்குள் செருகியிருக்கும் சிவப்பு அட்டை ஞாபகத்துக்கு வந்தது.

அந்த அட்டையைப் பற்றி அமெரிக்காவில் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். அவன்தான் இப்போது போன் செய்திருக்கிறான்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாகூ, காஸ்பியன் கடலோரத்தில் எண்ணெய் வாடையும் ஓயாத காற்றும் அடிக்கிற சோவியத் ஊர். கட்சிக்காரர்களின் நட்புறவுச் சங்கம் வழியாகக் கிடைத்த ஸ்காலர்ஷிப்பில் பத்தொன்பது வயதில் வெள்ளியங்கிரி அங்கே பெட்ரோலியம் படிக்கப் போனார். அவருடைய அப்பா மில் தொழிலாளி, சங்கத் தலைவர், கட்சி என்றால் உயிரை விடுகிறவர். ஹாஸ்டலில் வெள்ளியங்கிரியின் அறைக்கு வந்து சேர்ந்தவன் மயிலாப்பூர் சந்தானம். அவனுடைய பெட்டியைத் திறந்தால் அப்பளக் கட்டுகளுக்கு நடுவே பதினோரு அமெரிக்க ஜாஸ் ரிக்கார்டுகள். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் பொறுக்கியவை.

அந்த ஊர்ப் பையன்களுக்கு ஜாஸ் என்றால் பித்து. ஆனால் அந்த வருஷங்களில் கெடுபிடி உச்சத்தில் இருந்தது. எந்தக் குழு மேடையேறலாம், எது கூடாது என்று மேலிடத்திலிருந்து பட்டியல் வரும். ஜீன்ஸ் போட்டு, காதை மறைத்து முடி வளர்த்தவனை கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத்துக் காவல்படை நடுத்தெருவில் நிறுத்தி விசாரிக்கும். பியானோ வாசிக்கிற எல்ச்சின் என்ற பையன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். எல்லா ஹாஸ்டலிலும் லெனின் அறை என்று ஒன்று உண்டு. சுவரில் லெனின் படம், சிவப்புத் துணி விரித்த மேஜை, யாரும் படிக்காத புத்தகங்கள். இவர்கள் ஹாஸ்டலில் கூடவே சுருதி இறங்கிப்போன ஒரு பியானோவும் இருந்தது. அங்கே அமெரிக்காவில் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு ஆதரவாகத் தோழமை இசை மன்றம் என்று ஒன்றை எல்ச்சின் பதிவு செய்தான். இளைஞர் கழகச் செயலாளருக்குப் புல்லரித்துவிட்டது. ஆளுக்கொரு சிவப்பு அட்டையில் கழகத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலையானால் லெனின் அறை நிரம்பிவிடும். முதல் ஐந்து நிமிஷம் யாராவது எழுந்து அமெரிக்க முதலாளித்துவத்தைத் திட்டித் தீர்ப்பார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அமெரிக்காவின் ஜாஸ்தான். எல்ச்சின் பியானோவில் கேள்வி கேட்பதுபோல் ஒரு துண்டு வாசித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வான். சின்ன வயதில் மிருதங்கம் கற்ற சந்தானம் ஒரு ஓட்டை டிரம்மிலும் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியிலும் பதில் சொல்வான். எல்ச்சின் விடமாட்டான், இன்னும் குதர்க்கமாக ஒன்று கேட்பான். சந்தானமும் விடமாட்டான். நெரிசலில் நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள், சத்தம் வெளியே போகக் கூடாதே என்று. வெள்ளியங்கிரிக்கு எதுவும் வாசிக்க வராது. டேப் ரிக்கார்டரின் பித்தானை அமுக்குவதும், கதவோரம் நின்று தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும் அவர் வேலை. அதுவும் முக்கியமான வேலைதான் என்று தனக்குத் தானே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

மூன்றாவது வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலடிச் சத்தமே இல்லாமல் நான்கு பேர் வந்து நின்றார்கள். ரிக்கார்டுகளும் டேப்புகளும் போயின. எல்ச்சினைப் படிப்பிலிருந்து நீக்கி, இரண்டே மாதத்தில் ராணுவத்துக்கு அனுப்பினார்கள். ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து ஒரு காது செவிடானது, அதன் பிறகு பியானோ பக்கமே போகவில்லை என்று கேள்வி. வெள்ளியங்கிரி முழு வகுப்புக்கும் முன்னால் மேடையேறி, அரைகுறை ரஷ்ய மொழியில் தன் குற்றங்களைத் தானே வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷ ஸ்காலர்ஷிப் போயிற்று. ஊருக்கு வெளியே ஒரு ஹாஸ்டலுக்குத் துரத்தினார்கள். விசாரணை அதிகாரி அவரைப் பார்த்து, "மன்றத்தை ஆரம்பித்தவன் நீதானே, ரிக்கார்டுகளைக் கடத்தி வந்தவனும் நீதானே" என்றார். தான் செய்யாததை எல்லாம் தன் தலையில் கட்டியது யார்?

சந்தானத்தின் மேல் ஒரு தூசுகூடப் படவில்லை. அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருந்தான். ரிக்கார்டு கொண்டுவந்தவனே அவன்தான், அவனை யாரும் ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வெள்ளியங்கிரி இதை மனதுக்குள் பூட்டி வைக்கவில்லை. ராணுவத்துக்குப் போகிற எல்ச்சினை ரயிலேற்றிவிடும்போது அவன் காதோடு சொன்னார். ஹாஸ்டல் முழுக்கச் சொன்னார். படிப்பு முடிகிறவரை சந்தானத்தோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவனைப் பார்த்தது போன மாதம் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில்தான். பிரசாத வரிசையில் பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்தார்கள். திரும்பினால் தலை வழுக்கையான சந்தானம், கண் கலங்கி நிற்கிறான். கட்டிக்கொண்டான். வெள்ளியங்கிரி மரக்கட்டையாக நின்றார். இவன் எதற்காகக் கட்டிக்கொள்கிறான் என்ற கேள்வி அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம், என்னதான் சொல்கிறான் பார்க்கலாம் என்று திரும்பக் கூப்பிட்டார்.

"டேய் கிரி! கோயில்ல பேசாமயே ஓடிட்டியேடா" என்றான் சந்தானம். "உன்கிட்ட ஒண்ணு காட்டணும். போன்ல சொல்ற விஷயம் இல்ல. புதன்கிழமை ஆத்துக்கு வந்துடேன்."

"என்ன விஷயம், சொல்லேன்."

"நேர்ல வா. ஆமா, நம்ம மன்றத்துக் கார்டு இருந்துதே, முத்திரை குத்தினது, அது இன்னும் உன்கிட்ட இருக்கா?"

வெள்ளியங்கிரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "எந்தக் கார்டு?"

"என்னடா, சிவப்பா இருக்குமே. இருந்தா எடுத்துண்டு வா. இன்டர்வியூக்கு முன்னாடி நாம பேசிடறது நல்லது. உனக்குத்தான் நல்லது."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை காதில் குடைந்துகொண்டே இருந்தது. உனக்குத்தான் நல்லதாம். மிரட்டுகிறவன் வேறு எப்படிப் பேசுவான்? கார்டு இருக்கிறதா என்று ஏன் கேட்க வேண்டும்? இருக்கிறது என்று இவர் வாயால் வரவழைக்கத்தான். பேச்சைப் பதிவு செய்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அன்றைக்கு ஒருத்தன் வாழ்க்கையைக் கெடுத்து ருசி கண்டவன், இன்றைக்கு விடுவானா? வெள்ளியங்கிரி மாடிக்குப் போய், டிப்ளமா உறையிலிருந்து அட்டையை உருவி, வெண்பாவின் ஆபீஸ் அறையில் காகிதம் கிழிக்கும் மெஷினுக்குள் விட்டார். பத்தொன்பது வயது வெள்ளியங்கிரியின் மீசை முளைக்காத முகம் நூல் நூலாக வெளியே வந்தது.

அப்படியும் மனசு ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை வெண்பா ஆபீசுக்குப் போய், சாந்தியும் பக்கத்து வீட்டு அம்மாவோடு வாக்கிங் போனபின் லேப்டாப்பைத் திறந்தார். குடியேற்ற இலாகாவின் இணையதளத்தில், யாராவது பொய் சொல்லிக் குடியுரிமை வாங்கியிருந்தால் தெரிவிக்க ஒரு பக்கம் இருந்தது. பெயர் போட வேண்டிய அவசியமில்லை. அவர் கணக்கு இப்படி: சந்தானமும் அந்த மன்றத்தில் இருந்தவன்தான், அவனும் நோ என்றுதான் போட்டிருப்பான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் மேல் ஒரு புகார் பதிவாகிவிட்டால், நாளைக்கு அவன் என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் ஆத்திரத்தில் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். சந்தானத்தின் முழுப் பெயர், பாகூவில் படித்த கல்லூரி, வருஷம், கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத்தின் மன்றம். அனுப்பு என்ற பித்தானின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. சாந்தி கராஜ் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அமுக்கிவிட்டார்.

அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை வெண்பா அரை நாள் லீவு போட்டு, அம்மாவையும் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் வெள்ளியங்கிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏன்ப்பா டென்ஷனா இருக்கீங்க? ஓல்ட் ஃப்ரெண்டைப் பாக்கப் போறீங்க, என்ஜாய் பண்ணுங்க" என்றாள் வெண்பா. "நானும் அம்மாவும் கோயிலுக்குப் போய்ட்டு ஒரு ஒன் அவர்ல வந்து பிக்கப் பண்ணிக்கறோம்."

"ஒரு மணி நேரமெல்லாம் வேண்டாம். அர மணி போதும்" என்றார்.

கதவைத் திறந்தது சந்தானத்தின் மனைவி ஸ்வர்ணா. "வாங்கோ, வாங்கோ. காலையிலேர்ந்து வாசலையே பாத்துண்டிருக்கார்" என்றாள். ஹாலில் சந்தானம் எழுந்து நின்றான். வெள்ளியங்கிரியின் கண் நேராக டீப்பாய்க்குப் போயிற்று. அங்கே ஒரு பழுப்பு நிறக் கோப்பு, பக்கத்தில் சந்தானத்தின் செல்போன். பேச்சைப் பதிவு செய்யத்தான் அதை அங்கே வைத்திருக்கிறான். வெள்ளியங்கிரி சோபாவின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தார்.

"கார்டு கொண்டு வந்தியா?" என்றான் சந்தானம்.

"அதெல்லாம் எப்பவோ தொலஞ்சு போச்சு."

"அடடா. எல்ச்சினோட பொண்ணு கேட்டிருந்தாடா. அவ அப்பாவோடது ராணுவத்துல எங்கேயோ போயிடுத்து. நம்ம கார்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா ஃப்ரேம் பண்ணி வெச்சுப்பேன்னா. என்னோடதும் இல்ல."

"எல்ச்சின் பொண்ணா? எல்ச்சின் எங்க இருக்கான்?"

சந்தானம் கோப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "மார்ச் மாசம் போயிட்டான்டா. ஹார்ட் அட்டாக்" என்றான். "அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு, அப்பாவை ஏன் காலேஜ்லேர்ந்து தூக்கினான்னு தெரிஞ்சுக்கணும்னு காலேஜோட பழைய ஃபைலையெல்லாம் கேட்டு வாங்கியிருக்கா. உள்ள அவளுக்குப் புரியாத மொழில ஒரு பேப்பர் கட்டிங். அந்தக் காலத்து இந்திய ஸ்டூடண்ட்ஸ் யாராவது இருக்காளான்னு ஃபேஸ்புக்ல தேடி என்னைப் பிடிச்சா. போன வாரம்தான் ஸ்கேன் அனுப்பினா. படிச்சுப் பார்."

வெள்ளியங்கிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தமிழ்! மங்கலான அச்சு. கோவையிலிருந்து வந்துகொண்டிருந்த கட்சி வாரப் பத்திரிகை. "சோவியத் மண்ணில் நம் கோவை இளைஞன்" என்று தலைப்பு. அடியில் அப்பாவின் பெயரும், அவருடைய மகன் வெள்ளியங்கிரி தந்தைக்கு எழுதிய கடிதம் என்ற குறிப்பும்.

"அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே நான் ஓர் இசை மன்றம் ஆரம்பித்திருக்கிறேன். சென்னையில் நான் தேடிப் பிடித்து வாங்கிய அமெரிக்க ஜாஸ் ரிக்கார்டுகளை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். எல்ச்சின் என்ற தோழன் பியானோ வாசிக்கிறான். பேருக்கு ஐந்து நிமிஷம் அரசியல் பேச்சு. பிறகு லெனின் படத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் அமெரிக்காக்காரனின் சங்கீதம்தான். இதையெல்லாம் முன்னின்று நடத்துவது உங்கள் மகன் என்பதில் நீங்கள் பெருமைப்படலாம்..."

எழுத்து அச்சில் இருந்தாலும் குரல் அவருடையதுதான். அந்தக் கடிதத்தை எழுதிய சாயங்காலம்கூட ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சந்தானத்துக்கு ஏகக் கைதட்டல். வெள்ளியங்கிரி அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவுக்கு எழுதினார். சந்தானம் செய்ததையெல்லாம் தான் செய்ததாக எழுதினார். சந்தானம் என்ற ஒருவன் இருப்பதையே அதில் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து அப்பாவிடமிருந்து, உன் கடிதத்தைத் தோழர்கள் எல்லாரும் படித்து மகிழ்ந்தார்கள் என்று பதில் வந்தது. சங்க ஆபீசில் வாசித்துக் காட்டியிருப்பார் என்றுதான் நினைத்தார். அவர் படிப்பு முடித்து ஊர் திரும்புவதற்குள் அப்பா போய்விட்டார்.

"மெட்ராஸ்ல ரஷ்யன் கான்சலேட் இருந்துதே, அங்க தங்களைப் பத்தி நல்லதா எது வந்தாலும் டிரான்ஸ்லேட் பண்ணி அனுப்புவா" என்றான் சந்தானம். "இதையும் அனுப்பியிருக்கா. மேல பார், ஒரு பாராட்டுக் கடுதாசி. இப்படிப்பட்ட மாணவர்களை உருவாக்கும் கல்லூரிக்கு வாழ்த்துகள்னு. அதைப் பிரிச்சுப் படிச்சவனுக்கு எப்படி இருந்திருக்கும்! நம்ம செயலாளர் தன் தலை தப்பினாப் போறும்னு, இதுல இருந்த பேரை மட்டும் கொடுத்துட்டு ஒதுங்கிட்டார். என் பேர் இதுல இல்ல. அதனால என்னை விட்டுட்டா."

வெள்ளியங்கிரி அந்தத் துண்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். காட்டிக் கொடுத்தவன் சந்தானம் என்று நாற்பது வருஷம் நம்பியிருக்கிறார். பொறாமையில் ஒரு பெயரை எழுதாமல் விட்டார். அந்தப் பெயர்க்காரன் தப்பினான். தப்பினான் என்பதற்காகவே அவனைத் துரோகி என்று ஊரெல்லாம் சொன்னார்.

"எல்ச்சினுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"எப்படிடா தெரியும்? அவன் போனப்புறம்தானே இதெல்லாம் வெளில வந்தது. நாந்தான் அவனைக் காட்டிக் கொடுத்தேன்னு நெனச்சுண்டே போயிட்டான்." சந்தானம் அவிழ்த்த நாடாவைச் சுருட்டி டீப்பாய் மேல் வைத்தான். "சரி விடு. உனக்குப் பத்தொன்பது வயசு. அப்பாவுக்கு லெட்டர் எழுதறது ஒரு தப்பா? கொஞ்சம் பீத்திண்டே, அவ்வளவுதான். நேக்குக் கோபம் வரல்லடா, சத்தியமா. அப்பாடான்னு இருந்தது."

ஸ்வர்ணா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்டர்வியூக்கு முன்னாடி ஏன் வரச் சொன்னேன்னா," என்று சந்தானம் தொடர்ந்தான், "அந்த கம்யூனிஸ்ட் கேள்விக்கு நோன்னு மட்டும் போட்டுடாதே. நான் பத்தொன்பது வருஷம் முன்னாடி எஸ்னுதான் போட்டேன். ஸ்டூடண்ட் கிளப், ஹாஸ்டல்ல எல்லாரும் இருந்தோம், கட்சில மெம்பர் இல்லேன்னு விளக்கிச் சொன்னேன். அந்த ஆபீசர் சிரிச்சுட்டு, என்ன வாசிப்பேன்னு கேட்டார். முடிஞ்சு போச்சு. மறைச்சாதான் வம்பு."

எஸ் என்று போட்டிருக்கிறான்! அப்படியானால் நேற்று எழுதிப் போட்ட புகார் சுத்தப் பொய். இப்போது வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். புகாரில் பெயர் இல்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. சந்தானம் வாசல்வரை வந்து வழியனுப்புவான். மறுபடி கட்டிக்கொண்டாலும் கட்டிக்கொள்வான். அதை நினைத்தபோதுதான் வெள்ளியங்கிரியால் தாங்க முடியவில்லை.

"சந்தானம்," என்றார். "நேத்து உன்னப் பத்தி நான் இமிக்ரேஷனுக்கு எழுதிப் போட்டுட்டேன்."

"என்ன எழுதினே?"

"நீ கம்யூனிஸ்ட் மன்றத்துல இருந்தத மறச்சு சிட்டிசன்ஷிப் வாங்கினேன்னு. பேரு போடாம. நீ என்ற மேல எழுதப் போறேன்னு நெனச்சேன். கார்டு இருக்குதான்னு கேட்டயா, பயந்துட்டேன். அந்தக் கார்டையும் தொலைக்கல. முந்தாநேத்து நானேதான் மெஷின்ல விட்டுக் கிழிச்சேன்."

ஸ்வர்ணாதான் முதலில் பேசினாள். "இவரோட மூணு வருஷம் யாரும் பேசாம இருந்தான்னு கல்யாணமான புதுசுலேயே சொல்லியிருக்கார். இப்பவும் தூக்கத்துல ரஷ்யன்ல யார்கிட்டயோ நான் இல்ல, நான் இல்லம்பார். நீங்க நேத்திக்கும் அதையேதானா பண்ணிண்டிருந்தேள்?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

சந்தானம் அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்துக் கோப்புக்குள் வைத்தான். பிறகு, "உன் ஃபார்ம்ல நீ என்ன போட்டிருக்கே?" என்றான்.

"நோன்னு."

"ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே வருஷம். அதை நேத்து நீயே எழுதிக் குடுத்திருக்கே. அதைப் படிக்கறவன் என் ஃபைலைத் திறந்தா எஸ்னு இருக்கும். அடுத்தது அவன் யார் ஃபைலைத் திறப்பான்?" சந்தானம் சிரித்தான், ஆனால் அது சிரிப்பு இல்லை. "அன்னிக்கும் உன்னைப் பத்தி நீயேதான்டா எழுதிக் குடுத்தே. இன்னிக்கும் நீயேதான்."

வெள்ளியங்கிரி தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு உள்ள போய் எல்லாத்தயும் சொல்லிப் போடறேன். நோன்னு போட்டது பொய்யி, உன்ற மேல எழுதினதும் நாந்தான்னு. குடியுரிம குடுத்தாக் குடுக்கட்டும், இல்லீன்னா போகட்டும்."

"அது நாளைக்கு. இப்போ அந்தப் பொண்ணுக்கு எழுது" என்று சந்தானம் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தான். "ரஷ்யன்லயே எழுது. என் கண் முன்னாடி எழுது."

நாற்பது வருஷத்துத் துரு ஏறிய ரஷ்ய மொழி. ஒவ்வொரு சொல்லாகத் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. உன் அப்பாவுக்கு நேர்ந்ததற்குக் காரணம் என் கடிதம். சந்தானம் காட்டிக் கொடுத்தான் என்று ரயில் நிலையத்தில் உன் அப்பாவிடம் சொன்னவன் நான். அது பொய். சந்தானம் ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவையும் எழுத முக்கால் மணி நேரமாயிற்று. நடுவில் வெண்பா வந்து காரில் ஹாரன் அடித்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுதி முடித்ததைச் சந்தானம் வரி வரியாகப் படித்தான். இரண்டு இடத்தில் இலக்கணத்தைத் திருத்தினான். அவனே அனுப்பினான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"ஒம்போதரைக்கு."

"நானும் வரேன்."

வெள்ளியங்கிரிக்கு நெஞ்சு லேசாயிற்று. என்ன இருந்தாலும் கூடப் படித்தவன், தனியாக விட்டுவிடவில்லையே என்று கண் கலங்கிவிட்டது. "உனக்கெதுக்குடா சிரமம்? வெண்பா டிரைவ் பண்ணுவா" என்றார்.

"உனக்குத் துணைக்கு வரல" என்றான் சந்தானம். "உள்ள போய் நீ என்ன சொல்லுவே, என்னைப் பத்தி இன்னும் என்ன எழுதிக் குடுப்பேன்னு எனக்குத் தெரியாது. நீ வெளில வரச்சே நான் வாசல்ல இருக்கணும்."

கோயில் வரிசையில் கட்டிக்கொண்ட சந்தானம் இல்லை இது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுகிற கண்கள். இத்தனை வருஷத்தில் அவன் தன்னை இப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது வெள்ளியங்கிரிக்கு உறைத்தது. நான் அப்படிப்பட்டவன் இல்லை, என்னை நம்பு என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்தது. இப்படி ஒரு பார்வைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலிக்கும் என்பது அறுபத்தொரு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

"சரி, வா" என்றார்.